எல்லாஞ் சேத்தி: வாடகைக்குள் மறையும் மீட்டர்

கோயம்புத்தூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் எவ்வளவு என்று பேசுவதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏனுங்க, கரண்ட்டு, தண்ணியெல்லாஞ் சேத்திங்களா, தனிங்களா?" வீட்டுக்காரம்மா "எல்லாஞ் சேத்திதானுங்க" என்று சொல்லிவிட்டால் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி படரும். மாதம் பிறந்தால் ஒரே தொகையைக் கொடுத்தால் போதும். ரீடிங் எடுக்க வரும் நாளை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஊர் புதிது, வேலை புதிது என்று வந்தவருக்கு அந்த ஒரு சொல் பெரிய ஆறுதல்.

அந்த ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 'சேத்தி' என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் சேர்கிறது, எது சேராமல் விடுபடுகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஆனைமலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மலைமேல் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வீடும் தண்ணீரும் கூலியோடு சேர்ந்தே வந்திருக்கின்றன. மலையடியில் ஆனைமலை, பொள்ளாச்சி தொடங்கி கோவை, திருப்பூர் வரை அவை வாடகையோடு சேர்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. கணக்கு யார் கையில் இருக்கிறது?

மலைமேல்: கூலிக்குள் இருந்த வீடு

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் கார்வர் மார்ஷ் போன்ற ஆங்கிலத் தோட்டக்காரர்கள் ஆனைமலைக் காடுகளைத் திருத்தத் தொடங்கினார்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. வேலைக்கு ஆள் அங்கே கிடைக்காது. சமவெளியின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆட்களை மலையேற்றினார்கள். ஏறியவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். கடைவீதியோ சத்திரமோ இல்லாத காட்டில் தோட்டத்து முதலாளி கட்டிக்கொடுத்தால்தான் வீடு. அப்படி வந்தவைதான் 'லயன்கள்'. ஒரே கூரையின் கீழ், ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் ஒரு குடும்பம், அந்தப்பக்கம் ஒரு குடும்பம் என்று வரிசையாக நிற்கும் ஒற்றை அறைகள்.

அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்து எழுதியவர் பி.எச். டேனியல். 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த அவர், 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல் 'ரெட் டீ'. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழ் வாசகர்களுக்கு அது அறிமுகம். லயன் வீட்டுக்கு வாடகை கிடையாது என்பதே அந்த வீட்டின் விலங்காக எப்படி மாறியது என்பதை அந்த நாவலைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். வேலையை விட்டால் வீடு போகும். வீட்டை விட்டால் இரவுக்கு ஒதுங்க அந்தக் காட்டில் வேறு கூரை இல்லை.

விடுதலைக்குப் பிறகு வந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்த நிலையை ஒழுங்குபடுத்த முயன்றது. குடிநீர், கழிப்பிடம், குடியிருப்பு ஆகியவற்றைக் கொடுப்பதும் பராமரிப்பதும் நிர்வாகத்தின் கடமை என்று அது எழுதி வைத்தது. 1981இல் சேர்க்கப்பட்ட திருத்தம் இன்னும் ஒரு படி போனது. தோட்ட வீடு இடிந்து விழுந்து ஆளுக்குச் சேதம் நேர்ந்தால் நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும் என்றது. வாடகை வாங்காத காரணத்தால் வீட்டுச் சுவரைப் பற்றிய பொறுப்பிலிருந்து யாரும் விலகிக்கொள்ள முடியாது என்பதே இதன் சாரம். காசு தனியாக வாங்காவிட்டாலும் அது இலவசம் ஆகாது; உழைப்பில் அதன் விலை ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கழிவின் கணக்கு எந்தச் சம்பளச் சீட்டிலும் முழுதாகத் தெரியாது. அது எப்போது தெரியும்? வேலை முடியும்போது தெரியும். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் 2024இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் எடுத்த பாம்பே பர்மா நிறுவனம், குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே தோட்டத்தை மூடியது. விருப்ப ஓய்வு கொடுத்து, வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த வீடுகள் அவை. வாடகை ரசீது என்ற ஒரு துண்டுக் காகிதம் அவர்களிடம் கிடையாது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எல்லாம் சேர்த்துக் கொடுக்கப்பட்ட வீடு, எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

மலையடியில்: ஒரே மீட்டர், ஆறு கதவு

சமவெளியில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தபோது கோயம்புத்தூர் சிறிய ஊர்தான். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து 1932இல் மின்சாரம் வரத் தொடங்கியதும் பஞ்சாலைகள் பெருகின. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். எல்லோருக்கும் மில் குடியிருப்பில் இடம் கிடைக்காது. சிங்காநல்லூர், பீளமேடு, உப்பிலிபாளையம் என்று மில்களைச் சுற்றியிருந்த ஊர்களில், காலி இடம் வைத்திருந்தவர்கள் வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். நடுவில் பொதுவாசல், ஒரு குழாய், ஒரு கழிப்பிடம். 'லைன் வீடு' என்றும் 'வளவு' என்றும் கொங்கு மக்கள் சொல்வது இதைத்தான். அதே அமைப்பு பின்னால் திருப்பூரின் பனியன் தொழிலைச் சுற்றி வளர்ந்தது. இன்று ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னைநார் ஆலைகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஆலை வளாகத்திலேயே அறை கிடைக்கிறது. கரண்ட்டுக்கோ தண்ணீருக்கோ காசு இல்லை. வேலை இருக்கும் வரை அறை. மலைமேல் நூறாண்டுக்கு முன் பார்த்த ஏற்பாடு மலையிறங்கி வந்து சமவெளியில் நிற்கிறது.

லைன் வீட்டின் அமைப்பில் ஆய்வுக்குரிய புள்ளி ஒன்று இருக்கிறது. கதவு ஆறு இருக்கும்; மின்வாரிய மீட்டர் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அது வீட்டுக்காரர் பெயரில், அவர் வாசல் சுவரில் இருக்கும். இந்த ஒரே ஒரு விவரம் எவ்வளவு பணத்தை இடம் மாற்றுகிறது என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2016 மே 23 அன்று மீண்டும் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஜெயலலிதா கையெழுத்திட்ட முதல் ஆணைகளில் ஒன்று, ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பது. இன்று வரை அது தொடர்கிறது. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு விலை சற்று உயர்ந்திருந்தாலும் படிக்கட்டு அதேதான். 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் 101ஆவது யூனிட்டிலிருந்தே 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 6 ரூபாய். 501 முதல் 8 ரூபாய். 601 முதல் 9 ரூபாய். 801 முதல் 1,000 வரை 10 ரூபாய்.

இப்போது ஆறு வீடுள்ள ஒரு வளவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி, ஒரு மிக்ஸி. இரண்டு மாதத்தில் வீட்டுக்கு 100 யூனிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் ஆறு குடும்பங்களும் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். அதே 600 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால், முதல் 100 போக, 300 யூனிட்டுக்கு 1,350 ரூபாய், அடுத்த 100க்கு 600 ரூபாய், கடைசி 100க்கு 800 ரூபாய். மொத்தம் 2,750 ரூபாய்.

யாரும் கூடுதலாக ஒரு விளக்குப் போடவில்லை. யாரும் வீணாக்கவும் இல்லை. மீட்டர் ஒன்று என்பதற்காக மட்டும் 2,750 ரூபாய் உருவாகிறது. அரசு ஆறு குடும்பங்களுக்கு என்று கொடுத்த 600 யூனிட் சலுகையில் 500 யூனிட் வழியிலேயே நின்றுவிடுகிறது. இதனால் வீட்டுக்காரருக்கும் லாபமில்லை. அவர் அந்தத் தொகையை மின்வாரியத்துக்குக் கட்டியாக வேண்டும். அவர் அதை வாடகையில் ஏற்றுவார். ஆக, 'எல்லாஞ் சேத்தி' வாடகையில், சட்டப்படி தனக்கு இலவசமாக வர வேண்டிய மின்சாரத்துக்குக் குடியிருப்பவர் மாதாமாதம் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார். அது எவ்வளவு என்று அவருக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் அந்த பில் அவர் கைக்கு வருவதே இல்லை.

சப் மீட்டர்: இருவரும் சொல்வது உண்மை

'சேத்தி' வேண்டாம் என்று சிலர் சப் மீட்டர் வைத்துக்கொள்கிறார்கள். யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வீட்டுக்காரர் விலை சொல்வார். குடியிருப்பவர் மனதுக்குள் கொதிப்பார்: மின்வாரியம் இலவசமாகக் கொடுப்பதை இவர் 10 ரூபாய்க்கு விற்கிறாரே என்று. வீட்டுக்காரரிடம் கேட்டால், என் பில்லில் கடைசி யூனிட் 10 ரூபாய் என்பார். மேலே சொன்ன படிக்கட்டில் அவர் மீட்டர் 900 யூனிட்டைத் தொட்டால் மொத்தம் 5,550 ரூபாய்; கடைசி 100 யூனிட் உண்மையிலேயே 10 ரூபாய்தான். ஆனால் 5,550ஐ 900ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 6 ரூபாய் 17 காசு. சண்டை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நடக்கிறது. படிக்கட்டின் உச்சியில் யார் நிற்பது, அடியில் யார் நிற்பது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. வீட்டுக்காரரின் ஏசி அடிப்படியிலும் குடியிருப்பவரின் மின்விசிறி உச்சிப்படியிலும் கணக்கில் ஏறிவிடுகின்றன.

அப்படியானால் வீட்டுக்காரர்கள் ஏன் தனி இணைப்பு வாங்கித் தரக்கூடாது? அவர்கள் பக்கத்து நியாயமும் கேட்க வேண்டியது. புது இணைப்புக்குக் கட்டணமும் வைப்புத்தொகையும் உண்டு. சொத்துவரி ரசீது, கட்டடச் சான்று என்று காகிதங்கள் வேண்டும். பழைய வளவுகள் பலவற்றுக்கு அந்தக் காகிதங்கள் சரியாக இருக்காது. இதைவிட ஆழமான காரணம் பயம். 2022 நவம்பரில் மின் இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, வாடகைக்கு இருப்பவர் ஆதாரைச் சேர்த்தால் நாளை வீடே என்னுடையது என்பாரோ என்று எத்தனையோ வீட்டுக்காரர்கள் கலங்கினார்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருந்தாலும் அது சொத்துரிமை ஆகாது. ஆனாலும் ஒரு மீட்டரில் இன்னொருவர் பெயரைப் பார்ப்பது உரிமையில் பங்கு கொடுப்பதுபோல அவர்களுக்குத் தோன்றியது. மீட்டர் வெறும் கருவி என்று யாரும் நினைப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. அங்கே வீட்டுக்கு வீடு மீட்டர் உண்டு. ஆனால் மாடிப்படி விளக்கு, தண்ணீர் ஏற்றும் மோட்டார், லிஃப்ட் ஆகியவற்றுக்குப் பொது இணைப்பு. 2022 உயர்வில் அந்தப் பொது இணைப்பு தனி வகையாக்கப்பட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது. மாதப் பராமரிப்புத் தொகை திடீரென ஏறியது ஏன் என்று குடியிருப்பவர்களுக்குப் புரியவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் 2023 அக்டோபரில், பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. பராமரிப்புத் தொகையும் வாடகையோடு 'சேத்தி' என்று இருக்கும் வீடுகளில், ஏறியது வாடகையில் வந்தது. இறங்கியது வாடகையில் வந்ததா என்று கேட்கக் குடியிருப்பவர் கையில் ஒரு காகிதமும் இல்லை.

தண்ணீர்: யூனிட்டுக்குப் பதில் நேரம்

மின்சாரத்தை மீட்டர் அளக்கிறது. வளவில் தண்ணீரை அளப்பது கடிகாரம். "மோட்டார் காலையில ஆறுலேருந்து ஏழு வரைக்கும்தானுங்க" என்பதுதான் ஒப்பந்தம். நல்ல தண்ணீர் ஒரு குழாய், உப்புத் தண்ணீர் ஒரு தொட்டி. மோட்டார் சுவிட்ச் வீட்டுக்காரர் சமையலறைக்குப் பக்கத்தில். நைட் ஷிப்ட் முடித்து எட்டு மணிக்கு வரும் மில் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் எட்டாது. தண்ணீருக்குக் காசு சேர்த்தே கொடுக்கிறாள். தண்ணீர் அவளுக்குச் சேர்வதில்லை. பக்கத்து வீட்டு அக்கா குடம் பிடித்து வைத்தால் உண்டு.

ஆழியாற்றுக் கரையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் தண்ணீரைத் தமிழ்நாடும் கேரளமும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று 1970 மே 29இல் ஒப்பந்தம் எழுதினார்கள். 1958 நவம்பர் 9 முதலே அது நடப்புக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவில் கேரளத்துக்குப் போக வேண்டும் என்று தசமப் புள்ளி வைத்து எழுதினார்கள். சச்சரவுகள் இன்னும் உண்டு. ஆனால் சச்சரவு வந்தால் எடுத்துப் பார்க்க ஓர் எண் இருக்கிறது. அதே ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியாக ஒரு வளவுக்குள் நுழைந்ததும், இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் அப்படி ஒரு எண் இல்லாமல் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது, 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகையை இரு தரப்பும் பேசி எழுத்தில் வைக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதிலுள்ள ஒரு பிரிவு நம் கேள்விக்கு நேராக வருகிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிப்பிட வசதி போன்ற இன்றியமையாச் சேவைகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால ஆணை பெறலாம்.

வாடகை பாக்கி என்றால் ஃபியூஸைப் பிடுங்குவது, காலி செய்ய வைக்க மோட்டாரை நிறுத்துவது ஆகியவற்றுக்கு எதிரான வலுவான ஆயுதம் இது. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இருப்பவருக்குத்தான் அந்த ஆயுதம் எளிதில் கைக்கு எட்டும். லைன் வீட்டில் வாடகை வாய்ச்சொல்லில் நடக்கிறது. இன்னொரு குறையும் இருக்கிறது. சேவையை நிறுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது; சேர்த்து வாங்கும் வாடகையில் கரண்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பழக்கத்தை அது நம் வளவுகளில் இன்னும் உண்டாக்கவில்லை.

வெளியூர்ப் பாடம்

ஜெர்மனியில் வாடகையை இரண்டாகச் சொல்வார்கள். வீட்டுக்கு மட்டும் கொடுப்பது 'குளிர்ந்த வாடகை'. சூடாக்கும் செலவும் தண்ணீரும் சேர்ந்தது 'வெதுவெதுப்பான வாடகை'. சேர்த்து வாங்கினாலும் ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுத்தாக வேண்டும்; ரசீதுகளைப் பார்க்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. 1981ஆம் ஆண்டின் விதியின்படி, வீட்டைச் சூடாக்கும் செலவில் குறைந்தது 50, அதிகபட்சம் 70 சதவீதத்தை அவரவர் பயன்பாட்டின்படி பிரிக்க வேண்டும். மிச்சத்தைப் பரப்பளவு போன்ற பொது அளவின்படி பிரிக்கலாம். பிரிட்டனில், வீட்டுக்காரர் தான் வாங்கிய விலைக்கு மேல் ஒரு யூனிட் மின்சாரத்தையும் குடியிருப்பவருக்கு விற்க முடியாதபடி உச்ச மறுவிற்பனை விலை விதி 2003 முதல் இருக்கிறது.

சேர்த்துக் கொடுத்தால் வீணடிப்பார்கள் என்பது நம் வீட்டுக்காரர்களின் பெரிய அச்சம். அமெரிக்காவில் ஆரிக் லெவின்சன், ஸ்காட் நீமன் என்ற இரு பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. எரிசக்தி வாடகையில் சேர்ந்திருந்த வீடுகளில், ஆள் இல்லாத நேரத்திலும் குளிர்கால வெப்பத்தைச் சற்றுக் கூட்டியே வைத்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதனால் கூடிய எரிபொருள் செலவு 1 சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்கக் குளிர் வேறு, நம் வெயில் வேறு. ஆனாலும், குடியிருப்பவரின் ஊதாரித்தனத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கையை அளந்து பார்க்காமல் வாடகையில் ஏற்றக் கூடாது என்பதற்கு இந்த எண் போதும். மேலே நாம் போட்ட கணக்கில் 2,750 ரூபாயை உருவாக்கியது யாருடைய ஊதாரித்தனமும் இல்லையே.

செய்யக்கூடியவை

எல்லாஞ் சேத்தி வாடகையைத் தடை செய்ய வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஆறு மாதம் தங்கிப் போகிறவருக்கும், தமிழ் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும், முதல்முறை தனியாக ஊர்விட்டு வரும் பெண்ணுக்கும் ஒரே தொகை என்பது உதவிதான். வேண்டியது கணக்கு திறந்திருப்பது.

முதலாவதாக, தனி அடுப்பெரியும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி இணைப்பு வாங்குவதை மின்வாரியம் பழைய வளவுகளுக்கு எளிதாக்கலாம். ஆறு இணைப்பு கொடுத்தால் அரசுக்கு மானியச் செலவு கூடும். ஆனால் அது ஏழைக் குடும்பங்களுக்கு என்று ஏற்கெனவே வாக்களிக்கப்பட்ட மானியம். சொந்த வீட்டில் இருப்பவருக்குச் சேர்ந்து, வாடகை வீட்டில் இருப்பவருக்குச் சேராமல் இருப்பதற்கு நியாயம் ஒன்றும் இல்லை. இரண்டாவதாக, சப் மீட்டர் வைத்தால் மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் விலைக்கு மேல் வாங்குவதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. மூன்றாவதாக, சேர்த்து வாங்கும் வாடகைச் சீட்டில் மூன்று எண்கள்: வீட்டுக்கு இவ்வளவு, கரண்ட்டுக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு, கூடவே மோட்டார் ஓடும் நேரம். நான்காவதாக, ஆலைகளும் தோட்டங்களும் கொடுக்கும் குடியிருப்புக்கு, வேலை முடிந்தபின் எத்தனை நாள் இருக்கலாம் என்பது வேலைக்குச் சேரும் நாளிலேயே அவரவர் மொழியில் எழுதித் தரப்பட வேண்டும்.

இவற்றில் முதலாவதும் நான்காவதும் அரசும் நிர்வாகங்களும் செய்ய வேண்டியவை. நடுவில் உள்ள இரண்டுக்கும் ஒரு தாளும் பேனாவும் போதும். அடுத்த முறை "எல்லாஞ் சேத்திதானுங்க" என்று சொல்லும் வீட்டுக்காரம்மாவிடம், "ரொம்ப நல்லதுங்க, பில்லு வந்தா ஒருக்கா காட்டுங்க" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பவருக்கு அதற்கு உரிமை உண்டு. காட்டுகிறவருக்கும் அதில் இழப்பு இல்லை. ஒரே மீட்டரில் ஆறு வீட்டின் சலுகை கரைவதை அந்த பில் இருவருக்கும் சேர்த்தே காட்டும். இருவரும் ஒன்றாக மின்வாரிய அலுவலகத்துக்குப் போக அதுவே காரணமாகவும் அமையலாம்.